ரெண்டாவது வுடு

ராயபுரம்
10.6.2024

பகலவன் அண்ணாத்தைக்கு,

சாவியோ சம்சாரம் சுகிர்தம் எழுதுவது. ஃபோன் போட்டால் என் குரலைக் கேட்டதும் கட் பண்ணிவிடுகிறாய். கடுதாசியைக் கட் பண்ண முடியாது பாரு, அதனால் எழுதுகிறேன். கிழித்துப் போடலாம்தான். ஆனால் பசங்களுக்கு ஒழுக்கம் சொல்லித்தருகிற பி.டி. மாஸ்டர் ஒரு பொம்பளையின் கடுதாசியைக் கிழித்தால் நல்லாவா இருக்கும்? விலாசம் கொடுத்தது ஜார்ஜ். உங்கள் டீமில் கோல் காத்த அதே ஜார்ஜ்தான். இப்போது அவர் நின்றால் கோல் போஸ்ட்டே தெரியாது, அவ்வளவு உடம்பு.

நான் அஞ்சாங்கிளாஸ். கடுதாசி என்றால் வாயில் வருகிற மாதிரி எழுதாதே, புஸ்தகத்தில் இருக்கிற மாதிரி எழுது என்று சிஸ்டர் முட்டி போட வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். முடிந்தவரை புஸ்தகமாகவே எழுதுகிறேன். நடுவில் ராயபுரம் எட்டிப் பார்த்தால் கண்டுக்காதே. 'இங்கு அனைவரும் நலம்' என்று ஆரம்பிக்கவும் சொன்னார்கள். அதை மட்டும் எழுதக் கை வரவில்லை.

உன் தோஸ்து விழுந்துவிட்டார். ஹார்பரில் கண்டெய்னர் லாரி ஓரமாக நின்று டீ குடித்துக்கொண்டிருந்தவர் கிளாஸோடு சாய்ந்தார். பக்கவாதம். வலது கை வராது, வலது கால் வராது. பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சம். ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறந்ததும் அதைத்தான் சொன்னார்.

"வூடு வூடு."

எப்போது சொன்னாலும் இரண்டாகத்தான் வரும். "தோ, வூட்டுக்குத்தான்யா போவப் போறோம், இன்னா அவசரம் உனுக்கு?" என்று டாக்டரோடு மல்லுக்கட்டிக் கூட்டிவந்தேன். வந்து கட்டிலில் படுக்க வைத்தால் மறுபடியும் "வூடு வூடு." "இதான்யா வூடு. ஆடற ஃபேனு, ஒழுகற சுவரு, எதிர்க்க நானு. அடையாளம் தெர்ல?" என்றேன். தலையை அப்படியும் இப்படியும் ஆட்டினார். அது ஆமாமா, இல்லையா, ஒன்றும் புரியவில்லை.

ஜனவரியில் உங்கள் யூனிவர்சிட்டி ஃபுட்பால் டீமுக்கு ஐம்பது வருஷமாம். பழைய ஆளுங்களெல்லாம் கூடி ஒரு மேட்ச் ஆடப் போகிறார்களாம். அழைப்பு கொடுக்க ஜார்ஜ் வந்திருந்தார். உன் பேரைச் சொன்னதும் இவர் இடது கை தானாக மேலே போனது. வேறு யார் பேருக்கும் போகவில்லை.

உங்களுக்குள் என்ன தகராறு என்று இதுவரை இவர் சொன்னதில்லை. ஏதோ பந்து விஷயம் என்று மட்டும் தெரியும். எனக்குப் பந்தும் தெரியாது. "ஆம்பளைங்க கால் தெரிய ஓடற எடத்துல பொட்டப்புள்ளைக்கு இன்னா வேல?" என்று எங்கள் அம்மா ஒரு மேட்ச்கூடப் பார்க்க விட்டதில்லை. ஆனால் இது ஞாபகம் இருக்கிறது. எங்கள் வறுத்த மீன் கடைக்கு வந்து, "என் ஃப்ரெண்டு உன்னாண்ட பேசணும்னு சொல்றான்" என்று இவருக்காகத் தூது வந்தவன் நீ. ஒரு பொட்டலம் நெத்திலியைத் தின்று முடித்துவிட்டுத்தான் அதையும் சொன்னாய். அந்த நெத்திலிக்காவது ஒரு தடவை வா.

சுகிர்தம்


ஏற்காடு
26.6.2024

சுகிர்தத்துக்கு,

கடிதம் கிடைத்தது. சாவியோவின் நிலை அறிந்து வருந்துகிறேன். வலது கையில் சிறிய ரப்பர் பந்து ஒன்றைக் கொடுத்து அழுத்தச் சொல். காலைத் தினமும் மடக்கி நீட்டிவிடு. இதை பி.டி. மாஸ்டராகச் சொல்கிறேன். நண்பனாகச் சொல்லும் இடத்தில் நான் இல்லை.

தகராறு என்னவென்று கேட்டிருக்கிறாய். எழுதிவிடுகிறேன், மறுபடி கேட்காதே.

எங்கள் டீமில் சில வழக்கங்கள் உண்டு. எல்லாம் டீமை ஆரம்பித்த அருள்பிரகாசம் மாஸ்டர் வைத்தவை. ஒன்பதாம் நம்பரும் பத்தாம் நம்பரும் ஜோடி. படிப்பு முடிந்து போகிறவர்கள் இருவரும் சேர்ந்து நின்றுதான் அடுத்து வருகிற இருவருக்குச் சட்டையைக் கொடுக்க வேண்டும். நான் ஒன்பது, அவன் பத்து. இன்னொன்று, ஆட்டத்தில் பின்னாலிருந்து ஒருவன் ஒரு முறை குரல் கொடுத்தால் அது கணக்கில் இல்லை. இரண்டு முறை கொடுத்தால்தான் நம் ஆள். மூன்றாவது, தோற்றுத் திரும்பும்போது பஸ் டோல்கேட் தாண்டும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. தோற்ற சூட்டில் வரும் பேச்சு நண்பனைச் சுட்டுவிடும் என்பார் மாஸ்டர். டோல்கேட் தாண்டியதும் யார் மேல் கோபமோ அவனிடம்தான் முதலில் பேச வேண்டும்.

கடைசி வருஷம், தென்மண்டல ஃபைனல், ஆந்திராவில். கடைசி நிமிடம். பந்து என்னிடம் வந்தது. பின்னாலிருந்து அவன் குரல் ஒரு முறை கேட்டது. ஒரு முறைதான். நானே அடித்தேன், கம்பத்துக்கு மேலே போய்விட்டது. ஓடி வந்து சட்டையைப் பிடித்தான். "ரெண்டு தபா சொன்னேன்டா! என்ன நம்பல இல்ல நீ?" என்றான். எனக்குக் கேட்டது ஒன்று.

பஸ் எண்ணூர் வழியாக வந்தது. எனக்கு முன் சீட்டில் அவன். ஒரு வார்த்தை இல்லை. எர்ணாவூர் வந்ததும் என் வீடு அங்கேதான் என்று இறங்கிவிட்டேன். டோல்கேட்டுக்கு இன்னும் தூரம் இருந்தது. அந்தச் சட்டைகளையும் நாங்கள் யாருக்கும் கொடுக்கவில்லை.

ஜனவரியில் வர இயலாது.

பகலவன்


ராயபுரம்
22.7.2024

அண்ணாத்தே,

ரப்பர் பந்து வாங்கிக் கொடுத்தேன். வலது கையில் நிற்கவில்லை. இடது கையால் எடுத்து என் மேலேயே எறிந்தார். சரியாக மூக்கில் பட்டது. கோல் அடித்த ஆள்தான், சந்தேகமே இல்லை.

'வூடு வூடு' மட்டும் நிற்கவில்லை. சரி, இந்த வீடு இல்லை போலிருக்கிறது, வேறு ஏதோ வீட்டைக் கேட்கிறார் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆட்டோவில் ஏற்றினேன். "எந்த வூடுய்யா, காட்டு" என்றேன். காசிமேட்டில் அவர் பிறந்த சந்துக்குப் போனோம். அந்த இடத்தில் இப்போது ஐஸ் கம்பெனி. "வூடு வூடு" என்றார். "ஐஸ் பொட்டியிலயா பொறந்த நீ?" என்றேன். தண்டையார்பேட்டையில் கல்யாணமான புதுசில் இருந்த மாடி ரூமுக்குப் போனோம். அந்த வீட்டுக்கார அம்மா இவரைப் பார்த்து ஓவென்று அழுதது. இவர் அதைப் பார்க்கவே இல்லை. திருவொற்றியூரில் இவர் அக்கா வீட்டுக்கும் போனோம். அங்கேயும் அதே பாட்டு. திரும்பி வரும்போது டோல்கேட் தாண்டியதும் ஆட்டோக்காரர் பயந்துபோய் ஓரம் கட்டுகிற அளவுக்குக் கத்தினார். உன் கடுதாசி ஞாபகம் வந்தது. நீ கூட வந்திருந்தால் அங்கேயே பேசி முடித்திருப்பீர்கள்.

ஊருக்கெல்லாம் சிரிப்பு காட்டுகிறவள் நான். மீன் வாங்க வருகிறவர்கள் மீனுக்குப் பாதி, என் வாய்க்குப் பாதி வருகிறார்கள். உனக்கு மட்டும் எழுதுகிறேன், யாரிடமும் சொல்லாதே. இருபத்துமூன்று வருஷமாக நான் பெருக்கித் துடைத்த இடம் இவருக்கு வூடாகத் தெரியவில்லையே அண்ணாத்தே. வீடு மறந்தால் நான் மட்டும் எப்படி ஞாபகம் இருப்பேன்? சோறு ஊட்டும்போது, யாரோ ஒரு பொம்பளை ஊட்டுகிறாள் என்றுதான் வாயைத் திறக்கிறாரா? நேற்று பக்கத்தில் உட்கார்ந்து, "எம் பேரச் சொல்லு பாப்போம். முழுசா வேணாம், சுகின்னு சொல்லு" என்றேன். வெகுநேரம் பார்த்தார். பிறகு "வூடு வூடு" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

எங்கள் பெண் ஆன்சி மணலியில் ஒரு கம்பெனிக்குப் போகிறாள். அவள் ஒன்று சொல்கிறாள். "மா, அப்பா இஸ்து சொல்லல. சட்டுன்னு வெட்டி வெட்டிச் சொல்லுது பாரு" என்கிறாள். நாக்கு வராத மனுஷன் எப்படி இழுப்பார் என்றேன். ஆனால் அவள் சொன்ன பிறகு நானும் கவனித்தேன். சொல்லும்போது என்னைப் பார்ப்பதில்லை. எனக்கும் முன்னால் யாரோ நிற்கிற மாதிரியும், அவன் முதுகைப் பார்த்துச் சொல்கிற மாதிரியும் இருக்கிறது. இடது கை மேலே போகிறது.

உனக்கு ஏதாவது புரிகிறதா?

சுகிர்தம்


ஏற்காடு
20.8.2024

தங்கச்சி சுகிர்தத்துக்கு,

பள்ளிப் பசங்களை டோர்னமென்டுக்குத் திருச்சி அழைத்துப் போயிருந்தேன். உன் கடிதம் ஆபீஸில் கிடந்தது. நேற்று வந்துதான் பிரித்தேன். ஆன்சி சொன்னதாக நீ எழுதிய வரிக்கு வந்ததும் எழுந்து நின்றுவிட்டேன். அப்போதே உன் நம்பருக்கு அடித்தேன். ஜார்ஜ் எடுத்தான்.

"எங்கடா போய்த் தொலஞ்ச? நேத்துதான்டா மண்ணு போட்டோம்" என்றான்.

அவன் கூப்பிட்டதெல்லாம் என் ஃபோனில் இருக்கிறது. ஜனவரி மேட்சுக்குத்தான் கூப்பிடுகிறான் என்று நான் எடுக்கவில்லை.

இதை உனக்கு எழுதுவதா வேண்டாமா என்று பேனாவைத் திறந்து திறந்து மூடினேன். எழுதாவிட்டால் அவனுக்கு வீடு மறந்துபோனது என்றே காலமெல்லாம் நினைத்துக்கொண்டிருப்பாய். அது இதைவிடக் கொடுமை.

அவன் சொன்னது வூடு இல்லை தங்கச்சி. வுடு.

பந்து ஒருவனிடம் வரும்போது, அவனுக்குப் பின்னால் இன்னும் நல்ல இடத்தில் இன்னொருவன் நிற்பான். முன்னால் இருப்பவனுக்குப் பின்னால் கண் இல்லை. பின்னால் இருப்பவன் "வுடு" என்று கத்த வேண்டும். முன்னால் இருப்பவன் பந்தைத் தொடாமல் காலை அகட்டி விட்டுவிட வேண்டும். எங்கள் டீம் ஆரம்பித்த வருஷம் எதிராளி ஒருவன் நம் பின்னால் நின்று "வுடு" என்று கத்தி ஏமாற்றிவிட்டான். நம் ஆள் பந்தை விட்டான், கோல் வாங்கினோம். அன்றைக்கே மாஸ்டர் சட்டம் போட்டார். ஒரு வுடு எதிராளி, ரெண்டு வுடு நம்ம ஆளு. புதிதாகச் சேரும் பையனுக்குப் பந்தைத் தொடவிடும் முன்பே இதைத்தான் சொல்லிக்கொடுப்போம். ஐம்பது வருஷமாக அந்த மைதானத்தில் இதுதான் நடக்கிறது. "வுடு வுடு" என்றால் விட்டுவிடு என்று மட்டும் அர்த்தமில்லை. திரும்பிப் பார்க்காதே, உன் பின்னால் நான் நிற்கிறேன் என்று அர்த்தம்.

உனக்கு முன்னால் அவன் பார்த்த முதுகு என்னுடையது.

அவனுக்கு வீடு தெரிந்தது. நீ ஊட்டினாய் என்பதும் தெரிந்தது. தன் வீட்டில், உன் பக்கத்தில் படுத்துக்கொண்டுதான் என்னைக் கூப்பிட்டிருக்கிறான். வீட்டைத் தேடவில்லை. இதை நீ நம்ப வேண்டும்.

அன்று ஃபைனலில் எனக்கு ஒன்றுதான் கேட்டது. இன்றும் அதைத்தான் சொல்வேன். ஆனால் இந்த இரண்டு மாதமாக அவன் இரண்டு இரண்டாகவே கூப்பிட்டிருக்கிறான், நீயும் அதை அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறாய். நான் வீடு என்று படித்துவிட்டேன்.

பகலவன்


ராயபுரம்
14.9.2024

அண்ணாத்தே,

உன் கடுதாசியைக் கடையில் வைத்துப் பிரித்தேன். சட்டியில் போட்ட வவ்வால் மீன் அத்தனையும் கருகிவிட்டது. வாங்க வந்தவர், "இன்னாக்கா, மீன வறுக்கறியா, தகனம் பண்றியா?" என்றார். சிரித்தேன். சிரித்துக்கொண்டே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

உன்னைத் திட்டினேன். நல்ல வார்த்தையில் இல்லை, சிஸ்டர் கேட்டால் ஆயுசுக்கும் முட்டி போட வைப்பார்கள். அப்புறம் என்னைத் திட்டிக்கொண்டேன். 'வு'வுக்கும் 'வூ'வுக்கும் நடுவில் ஒரு சுழி. அந்த ஒரு சுழிக்காக அந்த மனுஷனை ஆட்டோவில் அடைத்து ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரைக்கும் வீடு வீடாகக் காட்டியிருக்கிறேன். உள்ளுக்குள் என்ன வசை விட்டிருப்பார்! "ந்தா லூசு, நான் பந்தக் கேட்டா நீ பங்களாவக் காட்றியா?" என்றிருப்பார். அவர் திட்டுகிற மாதிரி நினைத்துப் பார்த்தேன், கொஞ்சம் நன்றாக இருந்தது. திட்டியே எவ்வளவு நாள் ஆச்சு.

அவருக்கு வீடு தெரிந்தது என்று எழுதினாயே, அந்த இடத்தை மட்டும் ஆன்சியைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னேன். எனக்குப் படிக்கத் தெரியாமல் இல்லை. இன்னொருத்தர் வாயால் கேட்க வேண்டும் போல இருந்தது.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. போன அன்று காலையில் முகம் கழுவிவிட்டேன். அப்போதும் அதையே சொன்னார், சத்தம் இல்லாமல், வெறும் உதட்டால். "ஆமாய்யா, வூடுதான், தூங்கு" என்றேன். எங்களுக்குள் கடைசிப் பேச்சு அதுதான். எனக்குத் தெரிந்திருந்தால், "தோ வந்துகினே கீறாரு உன் தோஸ்து" என்று ஒரு பொய்யாவது சொல்லியிருப்பேன். எத்தனை பேரிடம் எத்தனை பொய் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன், அவருக்கு ஒன்று சொல்லாமல் போனேனே.

ஜார்ஜ் வந்திருந்தார். ஆடின ஆள் ஒருத்தர் போய்விட்டால், அடுத்த மேட்சில் முதல் பாதி முழுக்க அவர் இடத்தைக் காலியாக விட்டுப் பத்துப் பேரோடுதான் ஆடுவீர்களாமே. அப்படித்தான் ஆடப் போகிறார்களாம். பத்தாம் நம்பர் சட்டை என் பெட்டியில்தான் இருக்கிறது. ஒன்பது உன்னிடம்தான் இருக்கும், தூக்கிப் போடுகிற ஆள் இல்லை நீ. ஜோடியாகத்தானே கொடுக்க வேண்டும்? நீ வராவிட்டால் நான் மட்டும் தனியாக எப்படிக் கொடுப்பேன்?

தொப்பை இருந்தால் உள்ளே இழுத்துக்கொண்டு வா.

சுகிர்தம்


ஏற்காடு
2.10.2024

தங்கச்சிக்கு,

வருகிறேன்.

முதலில் எர்ணாவூர் போவேன். வீடு இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது, அதற்காகப் போகவில்லை. அங்கிருந்து பஸ் ஏறி டோல்கேட் தாண்டி வர வேண்டும். தாண்டியதும் அவனிடம்தான் பேச வேண்டும். காசிமேட்டுக் கல்லறையில் எந்தப் பக்கம் என்று எனக்குக் காட்டச் சொல்லி ஜார்ஜிடம் சொல்லி வை.

பகலவன்


ராயபுரம்
20.1.2025

அண்ணாத்தே,

மேட்ச் முடிந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாயே. உனக்கென்று வறுத்து வைத்த நெத்திலியை ஜார்ஜ் ஒரே ஆளாக முடித்தார். போகட்டும். கல்லறையில் நீ வெகுநேரம் நின்றதை மட்டும் தூரத்திலிருந்து பார்த்தேன். என்ன பேசினாய் என்று கேட்க மாட்டேன். டோல்கேட் தாண்டின பேச்சு, அது உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில்.

என் ஆயுசில் பார்த்த முதல் மேட்ச் இது. எங்கள் அம்மா சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள், ஆம்பளைங்க கால் தெரிய ஓடுவது பார்க்கிற மாதிரி இல்லை. பாதிப் பேருக்கு முட்டியில் கட்டு, மீதிப் பேருக்கு வயிறுதான் முதலில் பந்தைத் தொடுகிறது. நீ மட்டும் பரவாயில்லை. ஆனால் ஒன்பதாம் நம்பர் சட்டை உனக்குத் தொப்புளுக்கு மேலேயே நின்றுவிட்டது. அதைக் கழற்றிப் புது ஒன்பதாம் நம்பர் பையனிடம் நீ கொடுக்க, அவன் ஜோடிக்கு நான் பத்தைக் கொடுத்தேன். சட்டையை வாங்கின கையோடு அவன் மோந்து பார்த்தான். "நல்லாத் தொவச்சுதான்டா கீது" என்றேன். என்னத்தைத் துவைத்தாலும் அதில் இவர் வாசனைதான் அண்ணாத்தே. அவன் மூக்குக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

ஒன்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

முதல் பாதி முடியப்போகிற சமயம். உனக்குப் பின்னால் இவர் இடம் காலி. புல்லும் வெயிலும்தான் இருந்தது. ஓரத்திலிருந்து யாரோ அடித்த பந்து நேராக உன்னைப் பார்த்து வந்தது. எதிரே கோல். குருடன்கூட அடித்திருப்பான். அப்போது என்னைக் கேட்காமலே என் வாய் கத்தியது.

"வுடு!"

நீ காலை அகட்டினாய். பந்து உன் காலுக்கு நடுவே போய், அந்தக் காலி இடத்தில் மெதுவாக உருண்டு, யாரும் தொடாமல் கோட்டைத் தாண்டி வெளியே போனது. ஜனமெல்லாம் சிரித்தது. "பெர்சு, கண்ணாடிய வூட்லயே வச்சிட்டு வந்துட்டியா?" என்று பசங்கள் ஓட்டினார்கள். நீ திரும்பியே பார்க்கவில்லை. பின்னால் ஒருத்தர் வாங்கிக்கொண்ட மாதிரி, கையைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினாய்.

அண்ணாத்தே, நான் ஒரு தடவைதான் கத்தினேன். இரண்டாவதற்கும் வாயைத் திறந்தேன், வரவில்லை. பக்கத்தில்தான் ஆன்சி நின்றாள், வேண்டுமானால் அவளைக் கேள். ஒரு வுடு எதிராளி என்று நீதானே எழுதினாய்? அந்தச் சட்டத்துக்காகத்தானே இவரோடு இத்தனை வருஷம் பேசாமல் இருந்தாய்? ஒன்று கேட்டால் விடுகிற ஆள் இல்லையே நீ.

அப்படியென்றால் உனக்கு இரண்டு கேட்டிருக்கிறது.

அந்த ரெண்டாவது வுடு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று மட்டும் எழுது. மைதானம் இங்கிருந்து கிட்டத்தான். நானும் போய் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருகிறேன்.

சுகிர்தம்